மாப்பிள்ளை வாங்கும் துப்பாக்கியும் சம்பந்தி வீட்டு ரைபிளும்

கேள்வி: எனக்கு வயது 63. கணவர் காலமாகி நான்கு வருடம் ஆகிறது. மகள் அமெரிக்காவில், டாலஸுக்குப் பக்கத்தில் ஃப்ரிஸ்கோவில் இருக்கிறாள். மகன் சுவிட்சர்லாந்தில், சூரிச்சுக்கு வெளியே. அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டான். போன வருடம் மாப்பிள்ளைக்குக் கிரீன் கார்டு கிடைத்தது. இரண்டு மாதத்துக்கு முன் அவர்கள் தெருவில் ஒரு வீட்டில் திருடன் புகுந்துவிட்டான். அதிலிருந்து கைத்துப்பாக்கி வாங்கியே தீருவேன் என்று நிற்கிறார் மாப்பிள்ளை. "ஒன்பது வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டில் துப்பாக்கியா?" என்று என் மகன் வாட்ஸப்பில் கத்த, "உங்க மாமனார் வீட்டில் ராணுவ ரைபிளே இருக்கு, முதலில் அவரிடம் போய்ச் சொல்லுங்க" என்று இவர் திருப்பிக் கொடுக்க, இப்போது இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. யார் சொல்வது சரி? டிசம்பரில் ஆறு மாதம் மகள் வீட்டில் இருக்க டிக்கெட் எடுத்துவிட்டேன். துப்பாக்கி இருக்கிற வீட்டில் எப்படித் தூங்குவது? வாயைத் திறந்தால் மாப்பிள்ளை தப்பாக எடுத்துக்கொள்வாரோ என்றும் பயம்.
— பெயர் வேண்டாம், கரூர்.

பதில்:

அன்புள்ள அம்மா,

உங்கள் மாப்பிள்ளை கேட்டது நியாயமான கேள்வி. உங்கள் மகனிடம் அதற்குப் பதில் இல்லாததால்தான் பேச்சு நின்றிருக்கும் என்று தோன்றுகிறது. "ஐரோப்பாவில் துப்பாக்கி கிடையாது, அமெரிக்காவில்தான் உண்டு" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அது உண்மை இல்லை. உலக நாடுகளின் துப்பாக்கிக் கணக்கை ஜெனீவாவில் இருக்கும் ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே என்ற ஆய்வு அமைப்பு திரட்டுகிறது. 2017ஆம் ஆண்டுக்கான அதன் மதிப்பீட்டில், 100 பேருக்கு அமெரிக்காவில் 120 துப்பாக்கிகள். ஆளைவிடத் துப்பாக்கி அதிகம். ஆனால் ஃபின்லாந்தில் 32, சுவிட்சர்லாந்தில் 27க்கும் மேல், ஜெர்மனியில் ஏறக்குறைய 20. இங்கிலாந்தில்தான் ஐந்துக்கும் கீழே. ஆகவே உங்கள் சம்பந்தி வீட்டில் ரைபிள் இருப்பதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனால் அது அங்கே எதற்காக இருக்கிறது என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

சுவிட்சர்லாந்தில் ஆண்களுக்கு ராணுவப் பயிற்சி கட்டாயம். பயிற்சி முடிந்ததும் பலர் ரைபிளோடுதான் வீட்டுக்கு வருவார்கள். அது நாட்டின் பொருள், இவர் அதைப் பார்த்துக்கொள்கிறார், அவ்வளவுதான். குறிதவறாமல் சுடுகிறாரா என்று அவ்வப்போது கட்டாயமாகச் சுட்டுக் காட்ட வேண்டும். சேவை முடிந்தபின் அதைச் சொந்தமாக வைத்துக்கொள்ள விரும்பினால் தனியாக அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும். ஊர் ஊராகத் துப்பாக்கி சுடும் சங்கங்கள் உண்டு. சூரிச்சில் ஒவ்வொரு செப்டம்பரும் பிள்ளைகளுக்கென்றே ஒரு சுடும் திருவிழா நடக்கிறது. 1991 முதல் பெண் பிள்ளைகளும் கலந்துகொள்கிறார்கள். அந்த ஊர்க்காரர்களுக்குத் துப்பாக்கி என்றால் கடமை, சங்கம், விளையாட்டு. அதை இடுப்பில் செருகிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போக வேண்டுமென்றால் தேர்வு எழுத வேண்டும், தனக்கு ஆபத்து இருக்கிறது என்று நிரூபிக்கவும் வேண்டும். சாதாரண மனிதருக்கு அது லேசில் கிடைக்காது. முன்பெல்லாம் ராணுவம் சீல் வைத்த தோட்டாப் பெட்டி ஒன்றையும் வீட்டுக்குக் கொடுத்தனுப்பியது. 2007இல் அதை நிறுத்த முடிவெடுத்து, கொடுத்ததையும் திரும்ப வாங்கிக்கொண்டது. திருடன் வந்தால் சுடலாம் என்று உங்கள் சம்பந்தி அந்த ரைபிளை வைத்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

ஜெர்மனியிலும் அரசு முதலில் கேட்பது "உனக்கு இது எதற்கு?" என்றுதான். வேட்டைக்காரர் என்றால் கடினமான பரீட்சை. அதைப் 'பச்சை பிளஸ் டூ' என்கிற அர்த்தத்தில் கிண்டலாகச் சொல்வார்கள், அத்தனை பாடம் படிக்க வேண்டும். வேட்டைக்காரர் அல்லாத ஒருவர் 25 வயதுக்குக் கீழே இருந்து முதல் துப்பாக்கி வாங்கினால், பொதுவாக மனநலச் சான்றிதழும் வேண்டும். "வீட்டுப் பாதுகாப்புக்கு" என்று பொதுவாகச் சொன்னால் அங்கே அனுமதி கிடைக்காது.

அமெரிக்காவில் அந்தக் கேள்வியே இல்லை. 1791இல் அரசியல் சாசனத்தில் சேர்ந்த இரண்டாவது திருத்தம், ஆயுதம் வைத்துக்கொள்ளும் மக்களின் உரிமையைப் பறிக்கக் கூடாது என்கிறது. இது ஊர்க்காவல் படைக்கான உரிமையா, தனி மனிதனுக்கா என்று வெகுகாலம் வாதாடினார்கள். வீட்டில் தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனி மனிதரின் உரிமை என்று 2008இல் உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு நீதிபதிகள் என்ற நிலையில், தீர்ப்பளித்தது. ஐரோப்பாவில் பெரும்பாலும் நீங்கள் அரசிடம் காரணம் சொல்ல வேண்டும். அமெரிக்காவில், உங்களுக்கு ஏன் கூடாது என்பதற்கு அரசு காரணம் சொல்ல வேண்டும். டெக்ஸஸில் 2021 செப்டம்பர் முதல், 21 வயதான, சட்டத்தடை ஏதும் இல்லாத ஒருவர் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கியோடு வெளியில் நடமாடலாம். தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கிற நம் ஊர்ப் பழக்கத்தோடு வளர்ந்த உங்களுக்கு இது தலை சுற்றத்தான் செய்யும்.

நான் ஒருமுறை ஒஹாயோவில் என் அக்கா வீட்டில் தங்கியிருந்தபோது, கூடாரமும் தூண்டிலும் விற்கிற கடையில், அதே வரிசையின் கோடியில் ரைபிள்கள் அடுக்கியிருப்பதைப் பார்த்தேன். வயதான தம்பதி ஒன்று பேரனுக்கு எது தோதாக இருக்கும் என்று, சைக்கிள் வாங்குவது போலப் பேசிக்கொண்டிருந்தது. எனக்குக் கால் நடுங்கியது. அவர்களுக்கு அது தாத்தாவின் மான் வேட்டை. அந்த மனிதர்களை முரடர்கள் என்று நினைக்க என்னால் முடியவில்லை.

ஆனால் அந்த வேட்டைத் துப்பாக்கி வேறு, உங்கள் மாப்பிள்ளை கேட்கும் துப்பாக்கி வேறு. 1999இல் ஒரு கருத்துக்கணிப்பில் கேட்டபோது, துப்பாக்கி வைத்திருந்த அமெரிக்கர்களில் பாதிப் பேர் வேட்டைக்காக என்றார்கள். பாதுகாப்புக்காக என்றவர்கள் 26 சதவீதம்தான். 2023இல் பியூ ஆய்வு நிறுவனம் கேட்டபோது 72 சதவீதம் பேர் பாதுகாப்பை முக்கியக் காரணமாகச் சொன்னார்கள். ஒரு தலைமுறைக்குள் துப்பாக்கி மானிலிருந்து மனிதன் பக்கம் திரும்பிவிட்டது. எனக்கு இதில் மிகவும் வலிப்பது வேறொன்று. 1996இல் ஸ்காட்லாந்தின் டன்பிளேன் பள்ளியில் ஒருவன் 16 சின்னஞ்சிறு பிள்ளைகளையும் அவர்களுடைய டீச்சரையும் சுட்டுக் கொன்றான். ஏழு லட்சம் பேர் கையெழுத்திட்டுச் சட்டம் கேட்டார்கள். மறு வருடமே பிரிட்டனில் கைத்துப்பாக்கிகள் தடை செய்யப்பட்டன, 1,60,000க்கும் மேல் ஒப்படைக்கப்பட்டன. 2012இல் அமெரிக்காவின் சாண்டி ஹுக் பள்ளியில் 20 பிள்ளைகளும் ஆறு பெரியவர்களும் இறந்தார்கள். அந்த மாதம் அமெரிக்காவில் துப்பாக்கி விற்பனை எகிறியது. இரண்டு இடத்திலும் பெற்றவர்கள் அழுத அழுகை ஒன்றுதான். ஒரு தேசம் பயந்து ஒப்படைத்தது, இன்னொரு தேசம் பயந்து வாங்கியது.

அந்தப் பயத்தை நாம் கேலி செய்யக் கூடாது, அம்மா. உங்கள் மகன் செய்த தவறு அதுதான். ஃப்ரிஸ்கோவுக்குப் பக்கத்து ஊரான ஆலனில், 2023 மே மாதம் ஒரு கடைவளாகத்தில் ஒருவன் சுட்டதில் எட்டுப் பேர் இறந்தார்கள். அதில் ஒருத்தி ஹைதராபாத் பக்கத்திலிருந்து போய் அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்த இளம்பெண். டாலஸைச் சுற்றியுள்ள நம்மவர்கள் வார இறுதியில் போகிற மாதிரியான கடைகள்தான் அவை. உங்கள் மாப்பிள்ளை இதையெல்லாம் கேட்டுக்கொண்டே அங்கே குடும்பம் நடத்துகிறார். அதே தெருவில் ஒரு வீட்டில் திருடனும் புகுந்தபின், பெண்டாட்டி பிள்ளையைக் காப்பாற்ற நான் என்ன செய்தேன் என்று அவர் தன்னையே கேட்டுக்கொண்டிருப்பார். அந்த மனிதரிடம் போய் "பைத்தியமா?" என்கிற தோரணையில் பேசினால் என்ன ஆகும்?

ஆனாலும் என் முடிவைக் கேட்டால், வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். வீட்டில் இருக்கிற துப்பாக்கி, வெளியிலிருந்து வரும் ஆளைவிட வீட்டு ஆளையே அதிகம் காவு வாங்குகிறது. 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,000க்கும் மேற்பட்டவை தற்கொலை. கலிஃபோர்னியாவில் லட்சக்கணக்கானவர்களைப் பல வருடம் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2022இல் வெளிவந்தது. கைத்துப்பாக்கி வைத்திருப்பவரோடு ஒரே வீட்டில் வசிப்பவர்கள், அது இல்லாத வீட்டுக்காரர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேலாகக் கொலையில் இறந்தார்கள் என்று அது கண்டது. சுவிட்சர்லாந்தும் இதில் விலக்கல்ல. 2003, 2004இல் ராணுவத்தை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தபோது வீடுகளில் இருந்த ரைபிள்களும் குறைந்தன. ராணுவ வயது ஆண்களின் தற்கொலையும் குறைந்தது. அதில் பெரும்பகுதி வேறு வழிக்கு மாறவும் இல்லை. கையெட்டும் தூரத்தில் இல்லாததால், அந்த ஒரு கெட்ட ராத்திரி கடந்து போயிருக்கிறது.

உங்கள் பேரனுக்கு இப்போது ஒன்பது வயது. பதினைந்தும் வரும். மதிப்பெண் குறைந்த நாளும், நண்பன் பேசாமல் போன நாளும் வரும். நம் வீடுகளில் படிப்பு விஷயத்தில் பிள்ளைகளை எப்படி நெருக்குகிறோம் என்பது நமக்கே தெரியும். 2020 முதல் அமெரிக்காவில் 1 முதல் 19 வயது வரையான பிள்ளைகளின் சாவுக்கு முதல் காரணம் துப்பாக்கிதான், சாலை விபத்துகூட அதற்குப் பின்னால்தான். மாப்பிள்ளையிடம் பேச வேண்டியது இதைத்தான், அதையும் உங்கள் மகள் பேசுவதுதான் முறை. அவளிடம் தனியாக, நிதானமாகச் சொல்லுங்கள். வாசல் விளக்கு, கேமரா, நல்ல பூட்டு, அலாரம் என்று செய்யக்கூடியவற்றை முதலில் செய்து பார்க்கட்டும்.

கேட்காமல் அவர் வாங்கிவிட்டால்? வாங்கக்கூடும். அது அவருடைய வீடு, அந்த நாட்டின் சட்டம் அவருக்குத் தந்த உரிமை. அப்போது சண்டையை விட்டுவிட்டுப் பூட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். துப்பாக்கி தோட்டா ஏற்றாமல் இரும்புப் பெட்டகத்துக்குள், தோட்டா தனியாக இன்னொரு பூட்டுக்குள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களே சொல்கிற முறை இது. அலமாரியில் துணிக்கு அடியில் ஒளித்து வைப்பது பூட்டாகாது, பிள்ளைகளுக்குத் தெரியாத ஒளிவிடம் எந்த வீட்டிலும் கிடையாது. ஜெர்மனியில் 2009இல் வின்னெண்டன் பள்ளியிலும் அதற்கு வெளியிலுமாக 15 பேரைக் கொன்ற 17 வயதுப் பையனின் அப்பாவிடம் பல துப்பாக்கிகள் இருந்தன. மற்றவை பெட்டகத்தில், ஒன்று மட்டும் படுக்கையறையில் பூட்டாமல். பையன் எடுத்தது அதைத்தான். அப்பாவும் தண்டிக்கப்பட்டார். ஏற்றிய துப்பாக்கியை 17 வயதுக்குக் கீழே உள்ளவர் கைக்கு எட்டும்படி விடுவது டெக்ஸஸிலும் குற்றம்தான்.

இதை மாப்பிள்ளையிடம் எப்படி எடுப்பது என்றுதானே தவிக்கிறீர்கள்? உங்களுக்குச் சட்டமே ஒரு வழி வைத்திருக்கிறது. நீங்கள் போவது சுற்றுலா விசாவில். அப்படி வந்தவர்கள் சில விதிவிலக்குகள் தவிரத் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது அமெரிக்க மத்திய அரசின் சட்டம். அவரே எச்-1பி விசாவில் இருந்தபோது இதே தடைக்குள் இருந்தவர்தான், உடனே புரிந்துகொள்வார். "மாப்பிள்ளை, நான் விசாவில் வர்றவ. அது என் கைக்கு எட்டுற மாதிரி இருந்தா உங்களுக்கும் எனக்கும் சிக்கல் ஆயிடும். சாவி, நம்பர் எதுவும் எனக்குத் தெரியவே கூடாது. உங்ககிட்டேயே வச்சுக்குங்க" என்று சொல்லுங்கள். உங்கள் கைக்கு எட்டாத பூட்டு பேரன் கைக்கும் எட்டாது. மரியாதைக்கும் குறைவில்லை. பேரன் விளையாடப் போகிற வீடுகளிலும், பூட்டாத துப்பாக்கி உண்டா என்று முன்கூட்டியே போனில் கேட்கச் சொல்லி மகளிடம் சொல்லுங்கள். அங்கே பல அம்மாக்கள் கேட்கிற சாதாரணக் கேள்வி அது.

இன்னொன்று. காலையில் நடக்கப் போவீர்கள். அந்தப் பக்கத்து வீடுகள் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். வீட்டு எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், போனை எடுக்காமல் கிளம்பாதீர்கள், சந்தேகமாக இருந்தால் யார் வீட்டுக் கதவையும் தட்டாமல் தெருவில் நின்று மகளைக் கூப்பிடுங்கள். 2023இல் கேன்சஸ் சிட்டியில் தம்பிகளை அழைத்துவரப் போன 16 வயதுப் பையன் தப்பான வீட்டு மணியை அடித்துவிட்டான், வீட்டுக்காரப் பெரியவர் சுட்டுவிட்டார். பையன் பிழைத்துக்கொண்டான். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை, டிக்கெட்டையும் ரத்து செய்ய வேண்டாம். பேரனோடு இருக்க வேண்டிய ஆறு மாதம் அது.

உங்கள் மகனுக்கும் ஒரு வேலை கொடுங்கள். அடுத்த முறை மாமனார் வீட்டுக்குப் போகும்போது, அந்த ரைபிள் எங்கே இருக்கிறது, எப்படிப் பூட்டியிருக்கிறார், கடைசியாக எப்போது சுட்டார், தோட்டா எங்கே என்று அவரிடமே கேட்டு வரட்டும். அதை அப்படியே தங்கை புருஷனுக்கு எழுதட்டும், முதல் வரியில் மன்னிப்போடு. உங்கள் சம்பந்தி சம்மதித்தால் அவரையே வீடியோ காலில் உட்கார வைத்து மாப்பிள்ளையோடு பேசச் சொல்லுங்கள். துப்பாக்கியை வீட்டிலேயே வைத்திருக்கிறவர் பூட்டைப் பற்றிச் சொன்னால், துப்பாக்கியே வேண்டாம் என்கிற என்னைவிடவும் உங்கள் மகனைவிடவும் அவர் சொல்லுக்கு மாப்பிள்ளை காது கொடுப்பார்.