டிராவல் பேஸ்பாலுக்கு ஆண்டுக்கு 3,500 டாலர்: 10 வயதுப் பையனை இப்போதே சேர்க்க வேண்டுமா?

கேள்வி கேட்டவர் டெக்சாஸில் வசிக்கும் தமிழ்ப் பெற்றோர். பையன் ஊர் லீக்கில் இரண்டு சீசன் ஆடியிருக்கிறான். டிரையவுட்டில் (ஆள் தேர்வில்) ஒரு டிராவல் கிளப், அதாவது ஊர் ஊராகப் போய் டோர்னமென்ட் ஆடும் தனியார் கிளப், அவனைத் தேர்ந்தெடுத்து, ஆண்டுக்கு 3,500 டாலர் என்றும் முன்பணம் இரண்டு நாளில் வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. ஏன் இவ்வளவு, இப்போது விட்டால் பின்தங்கிவிடுவானா என்பது அவர் கவலை.

பின்தங்க மாட்டான். 10 வயதில் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது ஆட்ட வாய்ப்பு மட்டும்தான்: எத்தனை முறை பேட் பிடிக்கிறான், எத்தனை இன்னிங்ஸ் களத்தில் நிற்கிறான். அதே வாய்ப்பு குறைந்த விலைக்குக் கிடைக்கும் இடம் இருந்தால் அங்கே போவதே சரி. 3,500 டாலர் எங்கே போகிறது என்று முதலில் பார்ப்போம்.

ஓர் அணிக்கு 12 பேர் என்று வையுங்கள். ஆண்டுக்கு 10 டோர்னமென்ட், ஒவ்வொன்றுக்கும் அணிக் கட்டணம் 700 என்றால் 7,000 டாலர். குளிர்காலத்தில் உள்ளரங்க கேஜ் (வலை கட்டிய பயிற்சி இடம்) வாரம் 2 மணி நேரம், மணிக்கு 60 டாலர், 16 வாரம்: 1,920. சீருடை, தொப்பி, பை ஆளுக்கு 300 வீதம் 3,600. பந்து, காப்பீடு, பதிவுக்கு ஒரு 1,000. சம்பளக் கோச்சுக்கு 8,000. கூட்டினால் 21,520, தலைக்கு ஏறத்தாழ 1,800. விலைகள் ஊருக்கு ஊர் மாறும், ஆனால் கணக்கின் வடிவம் இதுதான். உங்கள் கிளப் 12 பேரிடம் வாங்குவது 42,000. மீதி 20,000 டாலர் கட்டட வாடகைக்கும், இயக்குநர் சம்பளத்துக்கும், கிளப்பின் லாபத்துக்கும் போகிறது. அதில் தப்பில்லை, ஆனால் அது எதற்கு என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. எழுத்தில் பட்ஜெட் கேளுங்கள். அப்பாக்களே கோச்சாக இருந்து நடத்தும் அணிகளில் அதை ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் தயங்காமல் காட்டுவார்கள். காட்ட மறுக்கும் கிளப்பில் பணம் கட்டாதீர்கள்.

கிளப் கட்டணத்தோடு முடிவதில்லை. வெளியூர் டோர்னமென்ட் நான்கு, இரண்டு இரவு, அறை 170 டாலர் என்றாலே 1,360. பல டோர்னமென்ட்களில் அமைப்பாளர் சொல்லும் ஹோட்டலில்தான், அவர்கள் வழியாகத்தான் அறை எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அணியையே சேர்க்க மாட்டார்கள். அந்த அறைகளிலிருந்து அமைப்பாளருக்குக் கமிஷன் உண்டு, அதனால் நீங்களே வெளியே தேடினால் கிடைக்கும் விலையைவிட அது பல நேரம் கூடுதலாக இருக்கும். வாசலில் பெரியவர்களுக்கு நாளைக்கு 10 டாலர் போலக் கட்டணம். தனிப் பயிற்சி அரை மணிக்கு 40 முதல் 60. ஆஸ்பென் இன்ஸ்டிட்யூட்டின் ப்ராஜெக்ட் ப்ளே கணக்கெடுப்பில், 2024-ல் ஓர் அமெரிக்கக் குடும்பம் பிள்ளையின் முதன்மை விளையாட்டுக்குச் செலவழித்தது சராசரி 1,016 டாலர். 2019-ஐவிட 46% கூடுதல். எல்லா விளையாட்டும், ஊர் லீக் பிள்ளைகளும் சேர்ந்த சராசரி அது. டிராவல் பேஸ்பால் குடும்பம் அதைப்போல மூன்று நான்கு மடங்கு செலவழிப்பது சாதாரணம்.

இது ஏன் இப்படி ஏறியது? கவுண்டிகளும் நகரங்களும் ஹோட்டல் வரி வருமானத்துக்காகவே பத்து, பன்னிரண்டு மைதானம் கொண்ட வளாகங்களைக் கட்டியிருக்கின்றன. கட்டியதை வாராவாரம் நிரப்ப வேண்டும், அதற்கு வெளியூர் அணிகள் வேண்டும். ஜார்ஜியாவில் அட்லாண்டாவுக்கு வடக்கே லேக்பாயின்ட், நியூயார்க்கில் கூப்பர்ஸ்டவுன் ட்ரீம்ஸ் பார்க் எல்லாம் இந்தப் பயணத்தை நம்பித்தான் ஓடுகின்றன. இன்னொரு காரணம் ஊர் லீக்கிலேயே நடப்பது, எனக்கு அதிகம் வருத்தம் தருவதும் அதுதான். ஊரின் நல்ல பிட்சர்கள் (பந்து வீசுபவர்கள்) ஐந்தாறு பேர் டிராவல் அணிக்குப் போனதும், மிச்சமிருப்பவர்களால் ஸ்ட்ரைக், அதாவது பேட்டர் அடிக்கக்கூடிய எல்லைக்குள் பந்து, போட முடிவதில்லை. ஒரு இன்னிங்ஸில் ஆறு ஏழு பேர் வாக் வாங்கி, பந்தை அடிக்காமலே முதல் பேஸுக்கு நடக்கிறார்கள், ஃபீல்டர்கள் புல்லைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அதைப் பார்த்து அடுத்த பத்துக் குடும்பங்கள் வெளியேறுகின்றன. அவர்களுக்குப் பேராசை எல்லாம் இல்லை, ஊரில் ஆட்டமே இல்லாமல் போனதால் காசு கொடுக்கிறார்கள்.

"காலேஜ் ஸ்காலர்ஷிப்புக்கு இப்போதே அடித்தளம்" என்று கிளப்பில் சொல்லியிருப்பார்கள். 2023-ல் வந்த என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பு) விதிப்படி, அதன் மேல்மட்டமான டிவிஷன் 1 பேஸ்பால் கோச் ஒரு மாணவனை 11-ஆம் வகுப்புக்கு முந்தைய ஆகஸ்ட் 1 வரை தொடர்புகொள்ளவே கூடாது. 10 வயதுப் பையனின் டிராவல் ரேங்கிங்கை எந்தக் காலேஜ் கோச்சும் தேடிப் பார்க்கப்போவதில்லை. அதோடு, பல ஆண்டுகளாக ஒரு டிவிஷன் 1 அணிக்கு 11.7 ஸ்காலர்ஷிப்தான் இருந்தது; அதைப் பலருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள், முழுத்தொகை கிடைப்பது அபூர்வம். 2025-26 முதல் புதிய ஏற்பாட்டில் சேர்ந்த கல்லூரிகள் 34 பேர் கொண்ட அணியில் எல்லோருக்கும் கொடுக்கலாம், ஆனால் ஆள் எண்ணிக்கைக்கு அதுவே உச்சவரம்பு. கல்லூரி மாறுவோருக்கான ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக 21, 22 வயது ஆட்டக்காரர்கள் வந்து அந்த இடங்களைப் பிடிக்கிறார்கள். தொழில்முறை மேஜர் லீக் அணிகள் புது ஆட்டக்காரர்களை எடுக்கும் டிராஃப்ட்டும் முன்பு 40 சுற்று, 2021 முதல் 20. ஹைஸ்கூலில் பேஸ்பால் ஆடுபவர்களில் நூற்றுக்கு ஏழு பேர்தான் என்சிஏஏ அளவில் ஏதாவது ஒரு டிவிஷனுக்குப் போகிறார்கள். டிவிஷன் 1-க்கு ஏறக்குறைய இரண்டு பேர். ஆண்டுக்கு 4,000 வீதம் 8 வயதிலிருந்து 18 வரை செலவழித்தால் 40,000 டாலர். படிப்புச் செலவுதான் குறி என்றால் அந்தப் பணம் 529 கணக்கில் (படிப்புக்கான சேமிப்புக் கணக்கு) இருக்கட்டும்.

டிராவல் பாலில் உண்மையாகக் கிடைக்கும் நன்மையும் உண்டு. ஊர் லீக்குகள் பல சேர்ந்த அமைப்பான லிட்டில் லீக்கில் 12 வயது வரை வழக்கமான மைதானத்தில் பேஸ்களுக்கு இடையே 60 அடி, பிட்சர் வீசும் தூரம் 46 அடி. பந்து பேட்டரை அடையும்வரை ரன்னர் பேஸை விட்டு நகரக்கூடாது. டிராவலில் பொதுவாக 9, 10 வயதிலேயே 65 அடிக்குப் போய்விடுவார்கள், 11, 12-ல் 70 அடி, பிட்சருக்கு 50. ரன்னர் லீட் எடுக்கலாம், அதாவது பந்து வீசும் முன்பே பேஸை விட்டு நகரலாம். அதனால் அவனைப் பேஸில் பிடிக்க எறியும் பிக்ஆஃப், பிட்சரின் விதிமீறிய அசைவான பாக், இரண்டு பேஸுக்கு நடுவே துரத்தும் ரன்டவுன் எல்லாம் சீக்கிரம் பழகும். இது மதிப்புள்ளது, ஆனால் 12, 13 வயதில் தொடங்கினாலும் ஒரு சீசனில் பிடித்துவிடக்கூடிய விஷயம்.

பேட்டிங்கில் கணக்கு வேறு மாதிரி. வார இறுதி டோர்னமென்டில் மூன்று நான்கு ஆட்டம், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள். பையனுக்கு ஆட்டத்துக்கு இரண்டு முறை பேட் வந்தால் இரண்டு நாளில் எட்டு முறை. அதற்கு 40, 50 மணி நேரம் வீட்டைவிட்டு வெளியே. கொல்லையில் ஒரு டீ (பந்தை மேலே வைத்து அடிக்கும் கம்பம்), 7 அடிக்கு 7 அடி வலை, ஒரு வாளிப் பந்து: மொத்தம் 150 டாலருக்குள் முடியும். நாளைக்கு 50 முறை அடித்தால், வாரம் ஐந்து நாளில் 250 முறை. டீயை ஒரே இடத்தில் வைக்காதீர்கள்: உள்பந்துக்கு (உடலருகே வருவது) முன்காலுக்குச் சற்று முன்னே, வெளிப்பந்துக்கு (தள்ளி வருவது) உடலுக்கு நேராகப் பின்னே தள்ளி வையுங்கள். ஒரே இடத்தில் வைத்து அடித்துப் பழகியவன் வெளிப்பந்தை இழுத்தடித்துத் தரையில் உருட்டுவான்.

கை விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். 10 வயதில் முழங்கையின் உட்பக்க எலும்பு முனை இன்னும் வளர்தட்டுதான், அதாவது வளர்ந்துகொண்டிருக்கும் மென்மையான பகுதி. ஒவ்வொரு வீச்சிலும் தசைநார் அதைப் பிடித்து இழுக்கும், ஓய்வில்லாமல் இழுத்தால் அந்த முனை வீங்கும், சில நேரம் பிரியும். மேஜர் லீக்கும் யுஎஸ்ஏ பேஸ்பாலும் 2014-ல் கொண்டுவந்த பிட்ச் ஸ்மார்ட் அளவுப்படி 9, 10 வயதுக்கு ஒரு நாளில் 75 பிட்ச் (வீச்சு) உச்சம், 11, 12-க்கு 85. ஓய்வு: 20 வரை இல்லை, 21 முதல் 35 வரை ஒரு நாள், 50 வரை இரண்டு, 65 வரை மூன்று, 66-க்கு மேல் நான்கு நாள். ஆண்டில் நான்கு மாதம் எறிவதே வேண்டாம், அதில் இரண்டு மூன்று மாதமாவது தொடர்ச்சியாக இருக்கட்டும்.

தவறு எங்கே நடக்கிறது என்றால், சில டோர்னமென்ட்களில் எண்ணுவது பிட்ச் அல்ல, இன்னிங்ஸ். ஒரு இன்னிங்ஸ் 10 பிட்சிலும் முடியும், 35-க்கும் போகும். பையன் ஊர் லீக்கிலும் டிராவலிலும் ஆடினால் இரண்டு கோச்சும் அவரவர் எண்ணிக்கையை மட்டும்தான் பார்ப்பார்கள். கூட்ட வேண்டியவர் நீங்கள். கேம்சேஞ்சர் ஆப்பில் ஒவ்வொரு ஆட்டத்தின் பிட்ச் எண்ணிக்கையும் இருக்கும், ஞாயிறு காலை பார்த்துவிட்டுக் கோச்சிடம் சொல்லுங்கள். பிட்ச் போட்ட நாளில் கேட்சராக (பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவனாக) உட்கார வைப்பதும் வேண்டாம்; கேட்சரும் ஒவ்வொரு பந்தையும் திருப்பி எறிகிறான். லிட்டில் லீக்கில் 41 பிட்ச் போட்டவன் அன்று கேட்சர் ஆக முடியாது என்று விதியே இருக்கிறது. முழங்கை தாழ்கிறது, பந்துகள் மேலே மேலே போகின்றன, கையை முழுதாக நீட்ட மறுக்கிறான் என்றால் ஆட்டம் எந்த நிலையில் இருந்தாலும் நிறுத்துங்கள். உட்பக்க வலிக்கு ஐஸ் வைத்து அடுத்த நாள் ஆட விடாமல், குழந்தைகள் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

பேட் வாங்கும்போது பணம் வீணாவது முத்திரை பார்க்காததால். லிட்டில் லீக்குக்கு 2018 முதல் யுஎஸ்ஏ பேஸ்பால் முத்திரை கட்டாயம். டிராவல் டோர்னமென்ட் நடத்தும் யுஎஸ்எஸ்எஸ்ஏ அமைப்பின் ஆட்டங்களில் 1.15 பிபிஎஃப் (பேட் பந்தைத் தள்ளும் திறனின் அளவு) முத்திரை பேட்டை எல்லோரும் வைத்திருப்பார்கள், அது பந்தை வேகமாகத் தள்ளும், ஆனால் லிட்டில் லீக்கில் செல்லாது. ஹைஸ்கூலில் பிபிகோர் என்ற இன்னொரு முத்திரை, அங்குலத்தில் நீளத்துக்கும் அவுன்ஸில் எடைக்கும் வித்தியாசம் 3-க்கு மேல் கூடாது. 10 வயதில் டிராப் 10 பேட், அதாவது 28 அங்குலத்துக்கு 18 அவுன்ஸ் போல, ஓராண்டு ஒன்றரை ஆண்டுதான் பொருந்தும். அதற்கு 400 டாலர் காம்போசிட் (கார்பன் இழை) பேட் வேண்டாம். போன ஆண்டு மாடல் அலுமினியம் ஒரே துண்டு பேட் 100, 150-க்கு வரும். காம்போசிட்டை 60 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே அடித்தால் பீப்பாயில் (பேட்டின் தடித்த பகுதியில்) விரிசல் விடக்கூடும். கேஜில் மெஷினில் போடும் குழிவிழுந்த ரப்பர் பந்துகளும் அதைக் கெடுக்கும். பழையதாக வாங்கினால் பீப்பாயில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், கோடு தட்டினால் வேண்டாம்.

இவ்வளவுக்கும் பிறகு சேர்ப்பது என்று முடிவெடுத்தால், முன்பணம் கட்டும் முன் எழுத்தில் வாங்க வேண்டியவை சில. அணியில் எத்தனை பேர்: 12-க்கு மேல் என்றால் உங்கள் பையன் பெஞ்சில் உட்காருவான். எல்லோரும் பேட் செய்வார்களா, ஒன்பது பேர் மட்டுமா. வார இறுதிக்கு வெளியாளைச் சேர்ப்பார்களா. மழையால் ரத்தானால் டோர்னமென்ட் திருப்பித் தரும் பணம் யாருக்கு. சீசன் நடுவில் விலகினால் என்ன. வயதுக் கணக்கையும் பாருங்கள்: டிராவலில் ஏப்ரல் 30 அன்று எத்தனை வயது என்பது கணக்கு, லிட்டில் லீக்கில் ஆகஸ்ட் 31. ஜூன் மாதம் பிறந்த பையன் டிராவலில் 10 வயது அணியிலும் லிட்டில் லீக்கில் 11 வயதிலும் இருப்பான். அவனுக்கு டிராவல் சற்று எளிது.

பணம்தான் தடை என்றால், லிட்டில் லீக் விதிப்புத்தகத்தில் கட்டணம் செலுத்துவதைச் சேர்வதற்கு முன்நிபந்தனையாக்கக் கூடாது என்றே இருக்கிறது. உள்ளூர் லீக் தலைவரிடம் நேராகக் கேளுங்கள். டிராவல் கிளப்களிலும் கேட்டால் கட்டணத்தைக் குறைப்பவர்கள் உண்டு, கேட்சருக்கும் நல்ல இடதுகை பிட்சருக்கும் அதிகமாகவே. 2013-ல் நேஷனல் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கிய ஆண்ட்ரூ மெக்கட்சன், வசதியில்லாத தன் குடும்பத்துக்காக ஒரு கோச் செலவை ஏற்றதால்தான் தனக்கு இந்த வழி திறந்தது என்று 2015-ல் எழுதினார். அப்படி ஒருவர் கிடைக்காத பிள்ளைகள் எத்தனையோ பேர். உங்கள் ஊர் லீக்கில் வசந்த சீசனுக்குப் பதிவு பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் தொடங்கும். அங்கே கோச்சாக நிற்கப் பெரியவர்கள் எப்போதும் பற்றாக்குறை. நீங்கள் பெயர் கொடுத்தால் உங்கள் பையனோடு இன்னும் பதினோரு பேருக்கு ஆட்டம் கிடைக்கும்.