நடுச்சாமத்தில் படபடப்பு, உடம்பெல்லாம் அனல்

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 48. இரண்டு மாதமாக இரவு இரண்டு, மூன்று மணிக்குத் திடுக்கென்று விழிப்பு வருகிறது. நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, நெஞ்சிலிருந்து முகம் வரை அனல் ஏறி, தலையணை உறை நனைந்துவிடுகிறது. மாதவிடாய் முன்போல் ஒழுங்காக வருவதில்லை. இனிப்பு நீருக்கு மாத்திரை எடுக்கிறேன், உடம்பைக் குறைக்க இரவில் இரண்டு பிஸ்கட்டோடு நிறுத்திக்கொள்கிறேன். கிளினிக்கில் ஈசிஜி எடுத்து ஒன்றுமில்லை என்றார்கள். வீட்டுக்காரர் "யோசனையைக் குறை" என்கிறார்.
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: சகோதரி, இது வெறும் யோசனையால் வருவது என்று ஒதுக்க வேண்டாம். முதலில் அந்த இரண்டு பிஸ்கட்டைப் பற்றிப் பேசிவிடுவோம், எனக்குக் கவலை அதில்தான். கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் மாதிரி மாத்திரைகள் எடுப்பவர்கள் இரவுச் சாப்பாட்டைக் குறைத்தால் தூக்கத்தில் சர்க்கரை இறங்கிவிடும், அப்போதும் இதே படபடப்பும் வேர்வையும்தான் வரும். (மெட்பார்மின் மட்டும் என்றால் அப்படி இறங்குவது அபூர்வம்.) மீட்டரைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, விழித்தவுடன் குத்திப் பாருங்கள். மீட்டர் 4 மில்லிமோலுக்குக் (mmol/L) கீழே காட்டினால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பவும் பாருங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், மறுநாளே டாக்டரிடம் சொல்லுங்கள்.

சர்க்கரை சரியாக இருந்தால், மாதவிடாய் நிற்கப்போகிற காலத்து அனலாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பெரும்பாலும் 45க்கும் 55க்கும் இடையில் நிற்கும், அதற்குச் சில வருடம் முன்பே ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்க ஆரம்பிக்கும். உடம்புச் சூட்டைக் கவனிக்கும் மூளைப் பகுதி அப்போது கொஞ்சம் சூட்டுக்கே பதறி, தோலின் ரத்தக்குழாய்களை விரித்து, வேர்க்க வைத்து, நெஞ்சையும் வேகமாக அடிக்க வைக்கிறது. சில நிமிடத்தில் அடங்கி, அப்புறம் குளிரும். தூக்கமே கெடுகிறது என்றால் இதற்கு நல்ல மருந்துகள் உண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டியதில்லை.

தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், ரத்தச் சோகை இருந்தாலும் இப்படி வரும். அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டணம்தான், இரண்டு ரத்தப் பரிசோதனையையும் கேட்டு வாங்குங்கள். விடாத இருமல், காய்ச்சல், எடை குறைவு இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ராத்திரி பத்து மணிக்கு மாமாக் கடைத் தே தாரேக் (ஆற்றிய பால் தேநீர்) குடிக்கும் பழக்கம் இருந்தால் அதை மதியத்தோடு முடித்துக்கொள்ளுங்கள்.

ஈசிஜி பதிவு செய்வது பத்து விநாடிதான். பகலில் எடுத்தது ராத்திரி மூன்று மணிக்கு நடந்ததைக் காட்டாது. அதனால் விழித்தவுடன் கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் நாடியைப் பிடித்து 30 விநாடி எண்ணி, இரண்டால் பெருக்கி, நேரத்தோடு எழுதி வையுங்கள். தாளம் தப்பித் தப்பி அடித்தால் 24 மணி நேர ஈசிஜி கேளுங்கள். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், மயக்கம் வந்தால் எண்ணிக்கொண்டிருக்காமல் 999ஐ அழைத்துவிடுங்கள்.

கை நடுங்கி எண்ண முடியவில்லையா, வீட்டுக்காரரை எழுப்புங்கள், அவர் எண்ணட்டும்.