க்ரூஸ்ல சீ டே அன்னைக்கு என்னதான் பண்ணுவாங்க, போர் அடிக்காதா?

போர் அடிக்காதுங்க. எந்த போர்ட்லயும் நிக்காம நாள் முழுக்க கடல்லயே போற நாளப் பத்திதான் கேட்டிருக்கீங்க, அது ரெண்டு மூணு வர்ற ரூட்ட முதல் தடவையே எடுக்கலாமான்னும் கேட்டிருக்கீங்க. நான் ஒரு பெரிய க்ரூஸ் கப்பல்ல கேபின் ஸ்டூவர்டா, அதாவது பயணிங்க ரூம க்ளீன் பண்ணி பார்த்துக்கறவனா, வேலை பார்த்தவன், அதனால பயணிங்க பக்கம் என்ன நடக்குதுங்கறதோட, 'ஊழியர்கள் மட்டும்'னு எழுதின கதவுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்குதுங்கறதையும் சேர்த்தே சொல்றேன்.

சீ டேய புரிஞ்சுக்க ஒரு விஷயம் போதும், அன்னைக்கு யாருமே இறங்க மாட்டாங்க. போர்ட் நாள்னா காலைலயே பெரும்பாலான பேர் வெளிய கிளம்பிடுவாங்க, பூல், ஜிம், லிஃப்ட் எல்லாம் காலியா கிடக்கும். சீ டேல அத்தன பேரும் உள்ள. 2024ல ஓட ஆரம்பிச்ச ஐகான் ஆஃப் த சீஸ் மாதிரி கப்பல் முழுசா நிரம்பினா 7,600 பயணிங்க, அது போக 2,350 ஊழியருங்க, இவ்வளவு பேரும் 365 மீட்டர் நீளத்துக்குள்ளதான் அந்த நாள ஓட்டணும். சின்ன கப்பல்னாலும் கணக்கு இதேதான், எல்லாரும் ஒரே நேரத்துல ஒரே இடத்துக்கு வருவாங்க.

அதனால காலைல ஆறு, ஆறரைக்கு எழுந்துக்கறவங்களுக்குத்தான் சீ டே அமைஞ்சிருக்குன்னு நான் சொல்வேன். அந்த நேரத்துல திறந்த டெக்ல நடக்கறவங்க நாலஞ்சு பேர்தான் இருப்பாங்க, தண்ணிய பார்த்துட்டே ஒரு காபி குடிச்சு முடிக்கலாம், யாரும் இடிக்க மாட்டாங்க. எட்டு எட்டரைக்கெல்லாம் பூல் பக்கம் இருக்கற சாய்வு நாற்காலி எல்லாத்துலயும் டவல் விழுந்திருக்கும், ஆள் மட்டும் இருக்க மாட்டாங்க. ரொம்ப நேரம் ஆளில்லாம கிடந்தா ஊழியருங்க பொருள எடுத்து வச்சிடலாம்னு நிறைய கப்பல்ல ரூலே இருக்கு, ஆனா எடுத்தா சண்டை வரும்னு பாவம் அந்தப் பசங்க தயங்குவாங்க. தயவுசெஞ்சு டவல போட்டு இடம் புடிச்சுட்டு ரெண்டு மணி நேரம் டிபன் சாப்பிட போகாதீங்க.

டிபன்னு சொன்னதும் ஞாபகம் வருது, ஒன்பதுல இருந்து பத்தரை வரைக்கும் பஃபேல தட்ட வச்சுகிட்டு டேபிள் தேடி அலையறவங்க நிறைய பேருக்கு, கீழ மெயின் டைனிங் ரூம்லயும் காலை சாப்பாடு உண்டுங்கறதே தெரியாது. அங்க உக்கார வச்சு பரிமாறுவாங்க, சத்தம் கம்மி, பெரும்பாலும் டிக்கெட்லயே அடங்கினதுதான்.

அதுக்கப்புறம் நாள் தானா ஓடும். முதல் நாள் ராத்திரியே நிகழ்ச்சி லிஸ்ட் கேபினுக்கு வந்துடும், இப்பல்லாம் ஆப்லயே வருது. க்விஸ், டான்ஸ் கிளாஸ், போகப் போற போர்ட்ட பத்தின பேச்சு, சமையல் செஞ்சு காட்டறது, ராத்திரி தியேட்டர்ல ஷோன்னு மணிக்கு மணி ஏதாவது இருக்கும். கேசினோவும் டியூட்டி ஃப்ரீ கடையும் பொதுவா போர்ட்ல மூடி இருக்கும், அந்தந்த நாட்டோட கஸ்டம்ஸ் சட்டம், சூதாட்ட சட்டம் இதெல்லாம் அங்க வந்துடும், அதனால சீ டேல காலைல இருந்தே திறந்து வச்சிருப்பாங்க. எல்லாருமா டிரெஸ் பண்ணிகிட்டு வர்ற ஃபார்மல் நைட்டும் பெரும்பாலும் சீ டேலதான் வைப்பாங்க. எல்லாத்துக்கும் ஓடாதீங்க, ஒண்ணு ரெண்டு போதும். லிஸ்ட்டுல இருக்கறதெல்லாம் பார்த்தே ஆகணும்னு ஓடினவங்க சாயங்காலம் ரூமுக்கு வரும்போது எவ்வளவு சோர்ந்து போயிருப்பாங்கன்னு நான் பார்த்திருக்கேன்.

நான் கண்டிப்பா சிபாரிசு பண்றது கேப்டனோட மத்தியான அறிவிப்பு. பல கப்பல்ல பன்னெண்டு மணி வாக்குல பிரிட்ஜ்ல, அதாவது கப்பல ஓட்டற அறைல இருந்து பேசுவாங்க, இப்ப எங்க இருக்கோம், என்ன வேகம், கீழ எவ்வளவு ஆழம், காத்து எப்படின்னு. 20 நாட் வேகம்னா மணிக்கு 37 கிலோமீட்டர், கேட்க கம்மியா இருக்கும், ஆனா நிக்காம 24 மணி நேரம் ஓடினா 480 கடல் மைல், ஏறக்குறைய 890 கிலோமீட்டர். தண்ணிக்கு மேல 30 மீட்டர் உயரத்துல இருக்கற டெக்ல நின்னா தொடுவானம் சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கும், சுத்தி அவ்வளவு தூரத்துக்கு வேற ஒரு கப்பல்கூட இல்லாத நேரமும் வரும். அத ஒரு தடவையாவது ஃபோன உள்ள வச்சுட்டு பாருங்க.

இப்ப எங்க பக்கம். பயணிங்களுக்கு ஓய்வு நாள், ஆனா கேபின், கிச்சன், பார் இங்க வேலை செய்யறவங்களுக்கு அதுதான் கப்பல்லயே கனமான நாள். போர்ட்ல எல்லாரும் இறங்கினதும் நாங்க வரிசையா ரூம் முடிச்சுடுவோம், சீ டேல பாதி கதவுல பதினோரு மணி வரைக்கும் 'தொந்தரவு செய்யாதீர்கள்' அட்டை தொங்கும், நாங்க வண்டிய தள்ளிகிட்டு காரிடார்ல மேலயும் கீழயும் நடந்துட்டே இருப்போம். 2006ம் வருஷ கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி எந்த 24 மணி நேரத்துலயும் குறைஞ்சது 10 மணி நேர ஓய்வு, ஏழு நாள்ல 77 மணி நேரம், இத கொடுத்தே ஆகணும். அந்த 10 மணி நேரத்த ரெண்டா பிரிக்கலாம், ஒரு பகுதி 6 மணி நேரத்துக்கு குறையக்கூடாது. அதாவது ராத்திரி ஓய்வு போக, மத்தியானம் கிடைக்கற அந்த மூணு நாலு மணி நேரம்தான் எங்களுக்கு குட்டித் தூக்கம், துணி துவைக்கறது, வீட்டுக்கு பேசறது எல்லாமே. வாரம் ஒரு நாள் லீவுங்கறது கிடையாது, ஒப்பந்தம் ஆறுல இருந்து ஒன்பது மாசம் வரைக்கும் போகும். நீங்க சாப்பிட போகும்போது ரூம க்ளீன் பண்ணிக்கலாம்னு ஸ்டூவர்ட்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு போனா அவரோட அந்த மத்தியான தூக்கம் தப்பிக்கும். இத நான் உரிமையா கேட்டுக்கறேன்.

கீழ இன்ஜின் பக்கமும் சீ டேல சும்மா இல்ல. குளிக்கற தண்ணில பெரும்பகுதிய கப்பலே கடல்தண்ணில இருந்து செய்யுது, இன்ஜின் சூட்ட வச்சு ஆவியாக்கியும், ஆர்ஓ முறைலயும். துறைமுகம் பக்கத்துல தண்ணி சுத்தமா இருக்காதுங்கறதால கரைய விட்டு தள்ளிப் போனாதான் அத ஓட்டுவாங்க. டாய்லெட் எல்லாம் விமானத்துல மாதிரி உறிஞ்சற வகை, அதுல வெட் டிஷ்யூ போட்டா உங்க ரூம் மட்டும் இல்ல, அதே குழாய்ல இருக்கற பக்கத்து ரூம்களும் சேர்ந்து அடைச்சுக்கும், ப்ளீஸ் போடாதீங்க. கைய சோப்பு போட்டு கழுவுங்க, வாசல்ல இருக்கற ஜெல், வாந்தி பேதி உண்டாக்கற நோரோவைரஸுக்கு சரியா வேலை செய்யாது, எல்லாரும் ஒரே பஃபே கரண்டிய தொடற நாள்ல இது ரொம்ப முக்கியம்.

ஆட்டம் பத்தி பயப்படறவங்களுக்கு, பக்கவாட்டு ஆட்டத்த குறைக்க கப்பலோட ரெண்டு பக்கமும் தண்ணிக்குள்ள துடுப்பு மாதிரி ஸ்டெபிலைசர் இருக்கு, ஆனா முன்னும் பின்னும் ஏறி இறங்கறத அது நிறுத்தாது. அது முன்பக்கத்துலயும் மேல் டெக்லயும்தான் அதிகமா தெரியும், அதனால புக் பண்ணும்போதே நடுவுல, கீழ் டெக் கேபினா கேளுங்க. தலை சுத்தினா ரூமுக்குள்ள ஃபோன நோண்டாம வெளிய வந்து தொடுவானத்த பார்த்து நில்லுங்க. அப்புறம் ஃபோன ஏர்ப்ளேன் மோட்ல போட்டுடுங்க, இல்லன்னா கப்பலோட சொந்த மொபைல் நெட்வொர்க்ல தானா ஒட்டிகிட்டு பில் ஏறும். மேற்க போற ரூட்ல ராத்திரி ஒரு மணி நேரம் கூட கிடைக்கும், கிழக்க போனா ஒரு மணி நேரம் போயிடும், எதுவானாலும் கப்பல் சொல்ற நேரத்துக்கே வாட்ச வச்சுக்குங்க.

ரூட் விஷயம்: முதல் தடவைன்னா ஒண்ணோ ரெண்டோ சீ டே, அதுவும் போர்ட்டுகளுக்கு நடுவுல வர்ற மாதிரி இருந்தா தாராளமா எடுங்க, தினமும் இறங்கி ஏறி கால் வலிக்கும்போது அந்த நாள் வரப்பிரசாதம். குயின் மேரி 2ங்கற கப்பல் இங்கிலாந்தோட சவுத்தாம்ப்டன்ல இருந்து நியூயார்க்குக்கு ஏழு ராத்திரி எங்கயும் நிக்காம போற மாதிரி பயணம் எல்லாம், ஒரு சீ டே உங்களுக்கு பிடிச்சிருந்ததுன்னா அப்புறம் யோசிக்கலாம்.