விரல் போன கைக்கு ஒன்றரை இலட்சம்: வாங்கலாமா?

கேள்வி: என் கணவர் களுவாஞ்சிக்குடியில் ஒரு தளபாடப் பட்டறையில் நாள் சம்பளத்துக்கு வேலை செய்தார். போன மாதம் வாள் மெசினில் பலகை அறுக்கும்போது இடது கையின் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. முதலாளி எங்களுக்கு மாமா முறை. ஒன்றரை இலட்சம் தருகிறார். இனி ஒன்றும் கேட்கமாட்டோம் என்று கையெழுத்து வைக்கச் சொல்கிறார். நுண்கடன் தவணை கழுத்தை நெரிக்கிறது. அந்தக் காசில் கடனை அடைத்து, மிச்சத்தை முற்பணமாகக் கட்டி லீசிங்கில் ஓட்டோ எடுக்கலாமா?

பதில்: தங்கச்சி, காசை வாங்கலாம், அந்தக் கடிதத்தில் கையெழுத்து வைக்க வேண்டாம். வேலை நேரத்தில் அடிபட்டவருக்கு நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று இலங்கையில் 1934ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. 2022இல் அதன் உச்சத் தொகை 20 இலட்சமாக உயர்ந்தது. உங்களுக்கு அவ்வளவும் வராது. எந்த விரல், எவ்வளவு இழப்பு, மாதம் என்ன வருமானம் என்று பார்த்துத்தான் கணக்குப் போடுவார்கள். ஆனால் அந்தக் கணக்கு வருமுன் ஒன்றரை இலட்சம் கூடவா குறைவா என்று யாராலும் சொல்ல முடியாது.

சம்பளத் துண்டு இல்லாததுதான் சிக்கல். நாட்கூலி எழுதும் கொப்பியைப் போனில் படம் எடுத்து வையுங்கள். கூட வேலை செய்தவர்களிடம் இப்போதே பேசுங்கள், பிறகு வாய் திறக்கத் தயங்குவார்கள். ஆஸ்பத்திரி துண்டுகளையும் எடுத்துக்கொண்டு மட்டக்களப்பு தொழில் அலுவலகத்துக்குப் போங்கள். தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளருக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று அங்கே கேட்கலாம். தள்ளிப்போடாதீர்கள்.

மாமாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று யோசிப்பீர்கள். பட்டறைக்குக் காப்புறுதி இருக்கிறதா என்று முதலில் அவரிடமே கேளுங்கள். இருந்தால் கம்பனிதான் கொடுக்கும், அவர் பையிலிருந்து போகாது. இபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி), ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) கட்டினாரா என்றும் கேளுங்கள். நாள் சம்பளக்காரருக்கும் அது உண்டு: சம்பளத்தில் முதலாளி பங்கு இபிஎஃப்புக்கு 12 வீதம், ஈடிஎஃப்புக்கு 3 வீதம். கட்டியிருந்தால் நிரந்தர இயலாமைக்கு ஈடிஎஃப்பில் ஏதும் கிடைக்குமா என்றும் விசாரியுங்கள். கட்டாமல் விட்டிருந்தால் அதே தொழில் அலுவலகத்தில் முறையிடலாம்.

நுண்கடன்காரரிடம் மருத்துவ அறிக்கையைக் காட்டித் தவணையைக் குறைத்துக் கேளுங்கள். இதை அடைக்க இன்னொரு கடன் எடுக்கவே கூடாது.

ஓட்டோவை இப்போதைக்கு விடுங்கள். அதன் கிளச்சும் கியரும் இடது கைப்பிடியில்தான். காயம் ஆறியதும் உங்கள் கணவர் தெரிந்தவர் ஒருவரின் ஓட்டோவை வெறும் வளவில் ஓட்டிப் பார்க்கட்டும். பிடி வந்தால் லீசிங் கணக்கோடு எழுதுங்கள்.