இரண்டு முறை தோற்றால்தான் வெளியே

கேள்வி: எங்கள் குடியிருப்பில் ஞாயிறன்று கேரம் இரட்டையர் போட்டி. எட்டு ஜோடிகள், இரண்டு போர்டுகள். போன முறை நாக்-அவுட் வைத்ததில் பாதிப் பேர் ஒரே ஆட்டத்தோடு வீட்டுக்குப் போய்விட்டார்கள். டபுள் எலிமினேஷன் வைத்தால் எத்தனை ஆட்டம் வரும்? ஃபைனலை இரண்டு தடவை ஆட வேண்டி வருமாமே, ஏன்?

பதில்: தாராளமாக வையுங்கள். விதி ஒன்றுதான்: இரண்டு முறை தோற்றவர் வெளியே. ஆட்டக் கணக்கும் அதிலேயே இருக்கிறது. ஏழு ஜோடிகள் வெளியேற வேண்டும், ஜோடிக்கு இரண்டு தோல்வி, ஆக 14 ஆட்டம். சாம்பியனும் வழியில் ஒரு முறை தோற்றிருந்தால் 15. நாக்-அவுட் என்றால் 7தான்.

சுவரில் இரண்டு சார்ட் ஒட்டுங்கள். முதல் சார்ட்டில் வழக்கமான நாக்-அவுட் டிரா. அதில் தோற்றவர்கள் இரண்டாம் சார்ட்டுக்கு இறங்குவார்கள். அங்கேயும் தோற்றால் முடிந்தது. முதல் சுற்றில் தோற்ற நான்கு ஜோடிகளுக்கு அங்கே இரண்டு ஆட்டம். அதில் ஜெயித்த இரு ஜோடிகள், அரையிறுதியில் தோற்று இறங்கும் இரு ஜோடிகளோடு ஆட வேண்டும்.

டிரா போடுகிறவர்கள் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான். மேல் பாதி அரையிறுதியில் தோற்றவரை இரண்டாம் சார்ட்டின் கீழ்ப் பாதிக்கு அனுப்புங்கள். கீழ்ப் பாதிக்காரரை மேலே. நேராக இறக்கினால், காலையில் மோதிய அதே ஜோடிகள் மறுபடி எதிரெதிரே உட்கார நேரிடும். அப்புறம் அங்கே மிஞ்சும் இரு ஜோடிகள் மோதும். அதில் வென்றவர், முதல் சார்ட்டின் கடைசி ஆட்டத்தில் தோற்றவரையும் ஜெயித்தால் ஃபைனல்.

சரி, ஃபைனல் ஏன் இரண்டு? முதல் சார்ட்டிலிருந்து வருபவர் அதுவரை தோற்கவே இல்லை. ஃபைனலில் தோற்றால் அது அவருக்கு முதல் தோல்வி. எல்லோருக்கும் கொடுத்த இரண்டாம் வாய்ப்பை அவருக்கு மட்டும் எப்படி மறுப்பது? அதனால் இன்னொரு ஆட்டம். ஐபிஎல் பிளே-ஆஃபில் இது கிடையாது. முதல் தகுதிச் சுற்றில் தோற்ற அணிக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. ஆனால் அந்தச் சுற்றில் ஜெயித்து நேரே ஃபைனலுக்குப் போன அணி அங்கே ஒரு முறை தோற்றாலே கோப்பை போய்விடும். எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

ஓர் ஆட்டத்துக்கு 40 நிமிடம் வைத்தால், இரண்டு போர்டிலும் சேர்த்து எட்டு அமர்வு; கடைசி ஆட்டங்களை ஒவ்வொன்றாகத்தான் ஆட முடியும். ஓய்வைச் சேர்க்காமல் ஐந்தரை மணி நேரத்துக்குள் அடங்கும். இரண்டாவது ஃபைனல் வந்தால் ஆறு மணி நேரம். முதல் சுற்றிலேயே தோற்று, கோப்பை வரை வரும் ஜோடி ஏழு ஆட்டம் ஆடியிருக்கும். தோற்காமல் வருபவருக்கு நான்குதான். ஆகவே ஃபைனலுக்கு முன் அரை மணி ஓய்வு விடுங்கள், விரல் மரத்துப்போயிருக்கும். இரண்டாவது ஃபைனல் உண்டா இல்லையா என்பதை மட்டும் முதல் காயை அடிப்பதற்கு முன்பே எல்லோரிடமும் சொல்லி, சார்ட்டிலும் எழுதி வையுங்கள். தோற்றவர் கேட்ட பிறகு சொன்னால் சண்டைதான் வரும்.