உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்களுக்குப் பொழுது எப்படிப் போகிறது?

உங்கள் அப்பா வருகிற மே மாதம் பி.டி. மாஸ்டர் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார், முப்பது வருடம் மைதானத்தில் நின்ற மனுஷன் வீட்டுக்குள் என்ன செய்வார் என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அதே ரகம்தான். காரைக்குடிப் பக்கம் அரசுப் பள்ளியில் 34 வருடம். கபடிதான் என் விளையாட்டு. 2022-ல் வெளியே வந்தேன். போன வாரம் எப்படிப் போனது என்று சொல்கிறேன், உங்கள் அப்பாவுக்கு எது பொருந்தும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை காலை நாலரைக்கு முழிப்பு வந்துவிட்டது. தினமும் வரும். "விசிலைக் கழட்டி வச்சு நாலு வருசமாச்சு, இன்னும் யாரை எழுப்பப் போறீங்க?" என்று வீட்டில் கேட்பாள். கேட்டுவிட்டு அவளே காபியும் போட்டுத் தருவாள். ஐந்தரைக்கு ஊருணிக் கரையை ஒட்டிய மைதானத்துக்குப் போய்விடுவேன். அங்கே இப்போது பயிற்சி கொடுப்பவன் என் பழைய மாணவன். எட்டாம் வகுப்பில் ஒட்டடைக்குச்சி மாதிரி இருந்தவனைப் பிடித்து இழுத்து வந்தேன். இன்றைக்கு ஒரு தனியார் பள்ளியில் அவனும் பி.டி. சார். பள்ளிக்குப் போவதற்கு முன்னால் ஊர்ப் பிள்ளைகள் இருபது பேருக்குக் காசு வாங்காமல் சொல்லிக்கொடுக்கிறான். நான் போனதும் கோட்டுக்கு வெளியே, வேப்பமரத்தடியில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுவிடுவான். அந்த நாற்காலி மரியாதைக்குப் போட்டதா, "இங்கேயே இருங்க சார்" என்பதற்குப் போட்டதா என்று எனக்கு இன்னும் தெளிவாகவில்லை.

எனக்கென்று அங்கே ஒரு வேலை உண்டு. களம் போடுவது. எங்கள் மண் செம்மண், அடியில் செம்பராங்கல். ஒவ்வொரு மழைக்கும் புதிதாகக் கல் கிளம்பி வரும். பொறுக்கி எடுத்து, கொத்திவிட்டு, முந்தின நாள் சாயங்காலமே தண்ணீர் தெளித்து வைத்தால்தான் காலையில் முட்டி தப்பிக்கும். அளப்பதற்கு என்னிடம் ஒரு தேங்காய்நார்க் கயிறு இருக்கிறது. 11 மீட்டரில் ஒரு முடிச்சு, 8 மீட்டரில் ஒரு முடிச்சு, அது சப் ஜூனியர் சின்னப் பிள்ளைகளுக்கு. 13-க்கும் 10-க்கும் சிவப்புத் துணி கட்டியிருக்கிறேன், அது பெரிய ஆண்களுக்கு. கோடு போடச் சுண்ணாம்புப் பொடியைத் தொட விடமாட்டேன். விழுந்து சிராய்த்த இடத்தில் பட்டால் எரியும், கண்ணில் பட்டால் கேட்கவே வேண்டாம். கோலமாவுதான். நம் ஊர்ப் பெண்கள் வாசலில் போடுவதைவிட நேராக நான் கோடு போடுவேன் என்பது என் எண்ணம். வீட்டில் ஒத்துக்கொள்வதில்லை.

செவ்வாய்க்கிழமை என் பள்ளிக்கூடச் சிநேகிதர் சென்னையிலிருந்து வந்திருந்தார். நகரத்தார். அவர்கள் வீட்டில் படைப்பு, முன்னோருக்குப் படைத்துக் கும்பிடுவது. வருடத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும் வீடு, அன்றைக்குத் திறந்து விட்டிருந்தது. முகப்பில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். ஐப்பசி மழையில் மைதானம் குளமாகிவிடும் நாட்களில் அந்த வீட்டு வளவில், அதாவது உள்முற்றத்தில்தான் எங்கள் அணி பயிற்சி எடுத்திருக்கிறது. ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, ஈரக்காலோடு ஓடினால் நேராகத் தூணில் போய்த்தான் நிற்போம். "பர்மாத் தேக்கு, தூணுக்கு ஒண்ணும் ஆகாது, உங்க மண்டையைப் பாத்துக்கங்கப்பு" என்பார் அவருடைய அம்மா. ஆச்சி இப்போது இல்லை. நாங்கள் முட்டிய தூண் இருக்கிறது. சாப்பாட்டில் வெண்டைக்காய் மண்டி இருந்தது, இரண்டாவது தடவை கேட்டு வாங்கினேன்.

புதன்கிழமை பல் டாக்டர், கரண்ட் பில். அதை விடுங்கள்.

வியாழக்கிழமைதான் விஷயம் ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊரில் 55 கிலோ எடைப் பிரிவுப் போட்டி. எங்கள் அணியில் நன்றாகப் பாடுகிற, அதாவது கபடி கபடி என்று எதிரணிக்குள் போய்வருகிற, பையன் ஒருவன் இருக்கிறான். அரிசிக் கடைத் தராசில் ஏற்றிப் பார்த்தால் 55.7 காட்டுகிறது. மூன்று நாளில் முக்கால் கிலோ என்பது பெரிய விஷயமில்லை என்று அவனுடைய சார் சொல்லிவிட்டான். ராத்திரிச் சாப்பாடு கிடையாது, சனிக்கிழமை தண்ணீரும் குறைவு, காலையில் மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு ஊருணியைச் சுற்றி ஓட்டம். எனக்கு இதெல்லாம் ஆகாது. வளர்கிற பையன், பதினைந்து வயது. தண்ணீரை வற்றவைத்து எடையைக் காட்டலாம், பிடியில் வலு எங்கிருந்து வரும்? என் காலத்தில் இப்படி ஒருவன் எடை கூடினால் அடுத்த பிரிவில் இறக்கிவிடுவேன், தோற்றாலும் சரி என்று. ஆனால் நாற்காலியில் இருக்கிறவன் பேசக்கூடாது என்று நானாக ஒரு சட்டம் வைத்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

அன்றைக்கே பையனின் அப்பா கடைவீதியில் பிடித்துக்கொண்டார். "சார், இதுல ஜெயிச்சா வேலைக்குச் சர்டிபிகேட் ஆகுமா?" அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறதே, அதைத்தான் கேட்கிறார். ஊர்த் திருவிழாப் போட்டியில் கோப்பையும் ரொக்கமும் கிடைக்கும், அந்தச் சான்றிதழ் அங்கே செல்லாது, அங்கீகாரம் உள்ள மாவட்ட, மாநிலப் போட்டி என்று மேலே போகவேண்டும் என்று சொன்னேன். முகம் வாடிவிட்டது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இப்படிக் கேட்க ஆளே கிடையாது. 1990-ல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடியைச் சேர்த்து இந்தியா தங்கம் வாங்கியது. அதை வகுப்பில் சொன்னபோது "சடுகுடுக்கெல்லாம் தங்கம் குடுக்குறாங்களா சார்?" என்று பிள்ளைகள் சிரித்தார்கள். இப்போது சென்னைக் கண்ணகி நகர் கார்த்திகா பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டுக் கபடியில் தங்கம் வாங்கி வந்ததைப் பார்த்துவிட்டு நான்கு பெண் பிள்ளைகள் மைதானத்துக்கு வருகிறார்கள். இரண்டு பேரை அவர்களுடைய அம்மாக்களே கொண்டுவந்து விட்டார்கள். இந்த நாலு வருடத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த மாற்றம் அதுதான்.

சனிக்கிழமை மதுரையிலிருந்து மகள், மாப்பிள்ளை, பேரன். பேரனுக்குப் பத்து வயது. கபடி என்றால் அவனுக்குப் புரோ கபடிதான். டுப்கி அடிக்கக் கற்றுக்கொடுங்கள் ஐயா என்று வந்ததிலிருந்து ஒரே நச்சரிப்பு. பர்தீப் நர்வால் குனிந்து, தடுப்பவர்கள் கை கோத்த சங்கிலிக்கு அடியில் நுழைந்து வந்ததை எத்தனை தடவை பார்த்திருக்கிறானோ. "முதல்ல 30 செகண்டு பாட்டு விடாம நில்லு, அப்புறம் குனியலாம்" என்றேன். கைப்பேசியில் நேரம் வைத்துக்கொண்டு நடையில் நின்று கபடி கபடி என்று ஆரம்பித்தான். பதினெட்டில் மூச்சு வாங்கியது. அடுத்தது இருபத்திரண்டு. அவனுடைய அம்மாச்சி அடுப்படியிலிருந்து "பிள்ளையைக் கொல்லாதீங்க" என்று சத்தம் போடும்வரைக்கும் நடந்தது. மாப்பிள்ளை இதிலெல்லாம் தலையிடமாட்டார், நல்ல மனிதர், சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார்.

ஞாயிறு. எடை போடும் இடத்தில் பையன் 54.9. எல்லாரும் கை தட்டினார்கள். நான் அவன் உதட்டைப் பார்த்தேன், காய்ந்து வெடித்திருந்தது. எடை முடிந்ததும் வாழைப்பழமும் குளுக்கோஸும் கொடுத்தார்கள். கால்மணி நேரத்தில் குடித்த தண்ணீர் மூன்று நாள் போனதை எங்கே கொண்டுவரும்?

முதல் இரண்டு ஆட்டம் ஜெயித்தோம். அரையிறுதியில் இடைவேளை வரை ஐந்து புள்ளி முன்னால். அதற்குப் பிறகு பையனுக்குக் கெண்டைச் சதை பிடித்துக்கொண்டது. பாடிப் போகிறான், கால் நீட்ட முடியவில்லை, கோட்டருகிலேயே நின்று திரும்புகிறான். ஒன்று ஒன்றாகப் போய்ச் சமநிலை ஆகிவிட்டது. கடைசி ரெய்டு அவர்களுடையது. எங்கள் லெஃப்ட் கார்னர் பையன், இடது ஓரத்தில் நின்று பிடிப்பவன், அவசரக்காரன், ரெய்டர் உள்ளே வரும்போதே காலுக்குப் பாய்வான். வரும்போது ரெய்டருடைய எடை நம் பக்கம் வருகிறது, தள்ளிக்கொண்டு போய்விடுவான். திரும்பும்போதுதான் ஒற்றைக்காலில் நிற்பான், அப்போது கணுக்காலைப் பிடித்தால் பக்கத்தில் நிற்கும் கவர் ஆட்டக்காரன் வந்து சேர நேரம் இருக்கும். இதைப் பையன்களுக்கு ஆயிரம் தடவை சொல்லியாயிற்று. கார்னர் பையன் பாய்வதற்கு முழங்கால் மடங்குவதைப் பார்த்தேன். எனக்கு எப்படி எழுந்தேன் என்றே தெரியாது. கோட்டு ஓரத்தில் நின்று "இருடா! திரும்பட்டும்டா!" என்று கத்திக்கொண்டிருக்கிறேன்.

கார்னர் பையன் பாயாமல் என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்த ஒரு நொடியில் ரெய்டர் அவன் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டான்.

நடுவர் நேராக என்னிடம் வந்தார். அவரும் என் மாணவர்தான், 1998 அணி. எச்சரிக்கைக்கான பச்சை அட்டையை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டி, குரலைத் தாழ்த்தி, "வெளியில இருந்து கோச்சிங் கூடாதுன்னு நீங்கதான் சார் எங்களுக்குச் சொல்லிக்குடுத்தீங்க" என்றார். ஒரு புள்ளியில் தோல்வி. மூன்றாம் பரிசுக் கோப்பை கிடைத்தது. பேரன் பச்சை அட்டையை வீடியோ எடுத்திருந்தான். நாங்கள் வீடு வந்து சேர்வதற்கு முன்னால் அது என் மகளின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் இருந்தது.

பேச வேண்டிய வியாழக்கிழமை பேசவில்லை, பேசக்கூடாத ஞாயிற்றுக்கிழமை கத்தினேன். ராத்திரி அதை நினைத்துத் தூக்கம் பிடிக்கவில்லை. திங்கள் காலை, நாற்காலியில் உட்காராமல், என் மாணவனைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, கார்னர்காரன்கிட்ட நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன். ஆனா அந்தப் பையனைப் பட்டினி போடாதே" என்றேன். கொஞ்ச நேரம் கயிற்று முடிச்சைத் திருகிக்கொண்டே நின்றான். "அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல சார்" என்றான்.

சாயங்காலம் பட்டினி கிடந்த அந்தப் பையன் முட்டி உறையைத் திருப்பிக்கொடுக்க வீட்டுக்கு வந்தான். வீட்டில் வெள்ளைப் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தாள். பச்சரிசியை அளந்து, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவித்து அளக்கும் கணக்கு, அடுத்த தெரு ஆச்சியிடம் படித்தது. எண்ணெயில் ஒவ்வொன்றாக ஊற்றிச் சிவக்காமல் எடுக்கவேண்டும் என்பதால் ஒன்று வரும்வரை காத்திருந்து அவன் ஒன்று சாப்பிட்டான். ஒன்பது வரை எண்ணினேன்.

"அடுத்த போட்டி எப்பப்பு?"

"அடுத்த மாசம் சார். அதுவும் 55 கிலோதான்."

அடுப்படிப் பக்கம் திரும்பி, இன்னும் இரண்டு கொண்டுவரச் சொன்னேன்.