மலத்தில் முழு மாத்திரை வந்தால் மருந்து வீணா?

உசிலம்பட்டி நண்பருக்கு,

அப்பா சர்க்கரை நோய்க்குச் சாப்பிடும் மெட்ஃபார்மின் எஸ்.ஆர். (மருந்தை மெதுவாக வெளிவிடும் வகை) மாத்திரை மலத்தில் அப்படியே வருகிறது, பொடித்துக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம்.

வெளியே வருவது பெரும்பாலும் வெறும் கூடு. ஜிகர்தண்டாவுக்கு ஊறவைக்கும் பாதாம் பிசினைப் போல, மாத்திரையில் உள்ள பசைப்பொருள் வயிற்று நீரில் உப்பிக் கொழகொழப்பாகிறது. அதன் வழியே மருந்து மணிக்கணக்கில் கசிந்து இறங்குகிறது. சக்கை மிஞ்சுகிறது, விரலால் அழுத்தினால் (கையுறை போட்டுக்கொண்டுதான்!) நசுங்கிவிடும். சாதாரண மெட்ஃபார்மின் 2, 3 மணி நேரத்தில் இரத்தத்தில் உச்சம் தொடும். இதற்கு ஏறக்குறைய 7 மணி நேரம். பொடித்தால் மொத்தமும் ஒரேயடியாக இறங்கும். குமட்டல், வயிற்றுப்போக்கு வரலாம்.

எனக்கு உறுத்துவது நீங்கள் போகிற போக்கில் சொன்ன விஷயம்: விடியற்காலையில் வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குக் கிளம்பிவிடுகிறார். மெட்ஃபார்மினைப் பெரும்பாலும் சிறுகுடலின் மேற்பகுதிதான் உறிஞ்சுகிறது. அதைத் தாண்டிப் பெருங்குடலுக்குப் போய்விட்டால் சொற்பமே உடம்பில் சேரும். சாப்பாடு இருந்தால் மாத்திரை இரைப்பையில் நெடுநேரம் தங்கி, மருந்தை மெல்லக் கீழே அனுப்பும். இதனால்தான் இரவுச் சாப்பாட்டோடு தரச் சொல்வார்கள். மருத்துவரிடம் கேட்டு நேரத்தை மாற்றுங்கள்.

அவருக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு உண்டென்றால் அதையும் சொல்லுங்கள். 1000 மி.கி. மாத்திரை தொண்டையில் இறங்க மறுத்தால், இரண்டு 500 ஆக எழுதித் தரக் கேட்கலாம்.